எதுக்குங்க லொறி?

இலங்கை மலைநாட்டில் அட்டைக்கு அடுத்தபடியாக விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஜீவன் ஒன்று உண்டு. அட்டையாவது மழை பெய்தால்தான் வெளியே வரும். இவர் வெயிலிலும் வருவார். அட்டையின் மேல் கொஞ்சம் உப்பைத் தூவினால் சுருண்டு விழுந்துவிடும், இவர் மேல் தூவினால், "உப்பு மூட்டை ஏதும் ஏத்தணுமா? நான் ஏத்திட்டு வர்றேனே" என்பார். கேட்காமலே உதவுகிறவர் என்று இவருக்குப் பெயர். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பியிருந்தால், உங்களிடம் ஏற்றி இறக்கும்படியான சாமான் எதுவும் இல்லை என்று பொருள்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பாட்டுக்கு வீடு மாறத் தீர்மானித்து, வீட்டில் சண்டை போட்டு, நல்ல நாள் பார்த்து, லொறிக்காரரிடம் போய்க் கெஞ்சி, அவரும் தலையைச் சொறிந்துகொண்டு "சரி, விடியக்காலம் வந்துர்றேன்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"எதுக்குங்க லொறி?"

அவ்வளவுதான். லொறி போய்விட்டது.

நமது ஆராய்ச்சிக்கு அகப்பட்டவர் ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி. தங்கமான மனிதர். இந்த இனத்தில் தங்கமில்லாதவரே கிடையாது, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்லிவிடலாமே! நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருடம் கழித்து, சீமைக்கு மூட்டை கட்டிய ஒரு துரை பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார். எல்லோரும் கட்டில், மேசை, பீங்கான் என்று எடுத்துக்கொண்டு போக, நம்மவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்தார். பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். அதிலும் ஒருவர் மெலிந்தவராக இருக்கவேண்டும். தலைக்கு மேல் துணிக் கூரை. மழை நாளில், வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் பெய்துகொண்டிருக்கும். நுவரெலியாவில் நடந்த ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்த கார் என்று முதலாளி சொல்வார். எத்தனை கார் ஓடின என்று யாராவது கேட்டால் அவருக்குக் காது சற்று மந்தமாகிவிடும்.

காரோடு கொசுறாக ஒரு ட்ரெய்லரும் வந்தது. இரண்டு சக்கரம், ஒரு பலகைத் தொட்டி, காரின் பின்னால் மாட்ட ஒரு கொக்கி. துரை மரை மான் வேட்டைக்குப் போகும்போது வேட்டை நாய்களை ஏற்றிச் செல்வதற்காக வைத்திருந்தது. முதலாளி அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, பலகையில் 'முருகன் துணை' என்று எழுதி, நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, நாய் வாசனை போகும்படி விடாமல் சாம்பிராணி போட்டார். நாய் வாசனை போகவில்லை. சாம்பிராணி வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை அந்த மனிதரை யாரும் வாசலில் நின்று எதிர்பார்த்ததில்லை. கடைக்கு வந்தவர்கள் புடவைக்காக வந்தார்கள், புடவையோடு போனார்கள். ட்ரெய்லர் வந்த பிறகோ, "முதலாளி வந்துட்டாரா, முதலாளி வந்துட்டாரா" என்று ஒரு குடும்பமே தெருவில் நின்று வழி பார்த்தது. அந்தச் சுகம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பாவம், யாருக்குத்தான் பிடிக்காது?

வாத்தியார் வீட்டு அலுமாரியை இழுத்தார். அது கண்ணாடி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. டிக்கோயா பஜனைக் கோஷ்டியின் ஆர்மோனியத்தை இழுத்தார். அன்றைக்குப் பிறகு அது எந்தப் பாட்டுக்கும் ஒரே சுரத்தில் அழுதது. ஒரு கன்றுக்குட்டியை இழுத்தார். அது மட்டும் சேதமில்லாமல் வீடு சேர்ந்தது, ஏனென்றால் பாதி வழியில் குதித்து நடந்தே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சடங்கு ஒன்றுதான். முதலில் ட்ரெய்லரை ஒரு தட்டு. "இழுக்கும்." பிறகு டயரை ஓர் உதை. "துரையே இழுத்திருக்காரு." பிறகு கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரரின் முகம் வெளிறத் தொடங்கியதும் கடைசி மந்திரம். "நான் பாத்துக்கறேன், நீங்க போய்க் காப்பி குடிங்க."

அவருக்கு ஓர் இரகசியம் இருந்தது. ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னுக்கு ஓட்ட அவருக்கு வராது. தனிக் காராக இருந்தால் கடைவீதி முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்காட்டுவார். ட்ரெய்லர் மாட்டிவிட்டால் சமாசாரம் வேறு; ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம் போகும், கோபித்துக்கொண்டு இன்னும் திருப்பினால் காருக்கே குறுக்கே வந்து நின்றுவிடும். ஆகையால் எங்கே போனாலும் வளைந்து திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். இடமில்லாவிட்டால் கொக்கியைக் கழற்றி, நாலு பேரை விட்டுக் கையால் திருப்பச் சொல்லி, "வண்டிக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்" என்பார். இது அவருடைய மனைவி யோகேஸ்வரிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் அந்தக் காரில் ஏறுவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படியிருக்கையில் ஊசிமலைத் தோட்டத்து நல்லமுத்துக் கங்காணி, மகள் பூரணியையும் அழைத்துக்கொண்டு கூறைப் புடவை எடுக்க வந்தார். மாப்பிள்ளை லெட்சுமணன், றொசல்லப் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். நல்ல இடம். ஆனால் அந்த நல்ல இடத்தில் ஒரு தாய்மாமன் இருந்தார். சோலைமலை என்று பெயர். கோபித்துக்கொள்வதற்கென்றே குடை பிடித்துக்கொண்டு புறப்படுகிறவர். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். முறைப்பெண்ணை விட்டுவிட்டு மருமகன் வெளியில் பெண் எடுக்கிறானே என்ற ஆத்திரத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை; எங்கே ஒரு சாக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தார். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் அது. அது தவறினால் ஆடி போய் ஆவணிதான். ஆவணிக்குள் சோலைமலை தம் வீட்டிலேயே பந்தல் போட்டுவிடுவார் என்பது ஊசிமலையில் எல்லோருக்கும் தெரியும். பூரணிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

புடவையை மடித்துக்கொண்டே முதலாளி விசாரித்தார். ரோட்டோரத்து மாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளை வந்து இறங்குவார், அங்கிருந்து மேலே தொழிலாளர் லயத்துப் பந்தலுக்கு அவரையும் மேளக்காரர்களையும் ஏற்றி வரத் லொறியைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வைத்திருக்கிறோம் என்று கங்காணி சொன்னார். முதலாளியின் கை புடவையின் மேல் அப்படியே நின்றது.

"எதுக்குங்க லொறி?"

"இல்லீங்க முதலாளி, சொல்லியாச்சுங்க…"

"மாப்பிள்ள என்ன கொழுந்துச் சாக்கா, லொறியில வர்றதுக்கு? நம்ம காருல வரட்டும். மேளக்காரங்க ட்ரெய்லர்ல. கவர்னர் வந்த மாதிரி இருக்குமில்ல?"

"அப்பா, லொறி சொல்லியாச்சேப்பா" என்றாள் பூரணி மெதுவாக.

கங்காணி மகளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், முதலாளியின் கையிலிருந்த கூறைப் புடவையைப் பார்த்தார். கூறையை நீட்டுகிற கையை எப்படித் தட்டுவது? "முதலாளி ஆசைப்படுறாரு தாயி" என்று சொல்லிவிட்டார். லொறி பழையபடி தேயிலைக் கொழுந்து ஏற்றப் போயிற்று.

கல்யாணத்தன்று காலையில் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. முதலாளி காருக்கு வாழைக்கன்றும் பூச்சரமும் கட்டி வந்திருந்தார். யோகேஸ்வரி முதல் பஸ்ஸிலேயே வந்து கோயிலடியில் நின்றாள். லெட்சுமணன் தலைப்பாகையும் மாலையுமாகக் காரில் ஏறி உட்கார்ந்தான். நாயனக்காரர் சின்னராசாவும் அவருடைய ஆட்களும் ட்ரெய்லரில் ஏறி, மூக்கைச் சுளித்து, ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி தொட்டியை ஒரு தட்டு தட்டினார். "இழுக்கும்."

"நில்லுங்க" என்றார் சோலைமலை. குடையின் முனையால் முதலில் காரைக் காட்டினார், பிறகு ட்ரெய்லரைக் காட்டினார். "மேளம் முன்னாடி போகுதா, பின்னாடி போகுதா?"

கூட்டம் காரையும் ட்ரெய்லரையும் மாறி மாறிப் பார்த்தது.

"மேளத்த முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு மாப்பிள்ள ஊர்வலம் போற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க."

"அதுக்கென்னங்க, நாங்க எறங்கி முன்னாடி நடந்துர்றோம்" என்று சின்னராசா உடனே எழுந்துவிட்டார். அவருக்கு இறங்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம். கூட்டமும் சரி என்றது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால் மேளக்காரர்கள் இறங்கிவிட்டால் ட்ரெய்லர் வெறுமனே கிடக்கும்; வெறும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போக முதலாளி எதற்கு? அந்த நினைப்பு அவர் நெஞ்சில் தைத்ததுதான் தாமதம், நாக்கு தானாகவே புறப்பட்டுவிட்டது.

"எதுக்குங்க நடக்கணும்? வண்டியத் திருப்பிப் போட்டுப் பின்னுக்கே ஓட்டினா, ட்ரெய்லர் முன்னாடி வந்துருமில்ல?"

"ஏங்க…" என்றாள் யோகேஸ்வரி. சொல்லி முடித்த பிறகுதான் முதலாளிக்கும் தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அதற்குள் "முதலாளி மூளையப் பாத்தீங்களா!" என்று கூட்டம் கைதட்டிவிட்டது. கைதட்டிய பிறகு எனக்கு வராது என்று எவனாவது சொல்வானா? நீங்கள் சொல்வீர்களா?

நாலு பேர் சேர்ந்து காரையும் ட்ரெய்லரையும் திருப்பி வைத்தார்கள். இப்போது ட்ரெய்லர் மேலே பந்தலைப் பார்த்தது, கார் கீழே பஸ் ரோட்டைப் பார்த்தது. சோலைமலை குடையை மறுபடி தூக்கினார்.

"அப்போ மாப்பிள்ள பொண்ணு வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டா வர்றது?"

அதற்கும் முதலாளியிடம் வழி இருந்தது. மாப்பிள்ளை ஆசனத்தில் மண்டியிட்டு, சாய்மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்புறம் பார்த்து உட்கார்ந்தான். மாலை கார்க் கதவில் மாட்டிக்கொண்டது. சின்னராசாவின் நாயனம் நேரே அவன் முகத்துக்குள் ஊதியது. படித்த பையன், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான்.

கார் பின்னுக்கு நகர்ந்தது. உடனே ஊசிமலைத் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் வழிகாட்டிகளாகிவிட்டார்கள். "வரட்டும், வரட்டும்!" "ஒடிச்சுத் திருப்புங்க!" "அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்!" "நேராக்குங்க!" "ஹரி, ஹரி, வரட்டும்!" என்று ஒருவர் சிங்களத்திலும் சரி சொன்னார். முதல் நேர்ப்பாதை முடியும் வரை வண்டி நேராகவே போயிற்று, பலகையில் எழுதியிருந்த முருகன்தான் துணை நின்றிருக்கவேண்டும். முதலாளிக்குத் தைரியம் வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று ஒரு கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது வளைவு வந்தது.

வளைவு போகிற பக்கம் திருப்பினார். ட்ரெய்லர் மற்றப் பக்கம் போயிற்று. இன்னும் திருப்பினார். ட்ரெய்லர் இன்னும் போயிற்று. "நிப்பாட்டுங்க!" என்று எல்லோரும் முதல் தடவையாக ஒரே குரலில் கத்தினார்கள். பாதையோரத்து மழைநீர்க் கானுக்குள் ஒரு சக்கரம் இறங்க, ட்ரெய்லர் சாய, கார் ரோட்டுக்குக் குறுக்கே கதவடைத்தாற்போல் நின்றது. நாயனம் ஒரு கிறீச்சிடலோடு அடங்கியது. தவில்காரர் தேயிலைச் செடி மேல் போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய தவில் மட்டும் தானே முழங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ரோட்டு வழியே உருண்டு கோயில் வாசலுக்கே திரும்பிப் போயிற்று. யாருக்கும் அடியில்லை. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு செடியின் உச்சியில் இருந்தது.

தூறல் மழையாயிற்று. சோலைமலை குடையை விரித்தார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு தெளிவு.

"சகுனம் சொல்லிருச்சு. ஆவணிக்குப் பாத்துக்கலாம். நம்ம ஆளுங்கல்லாம் பஸ்ஸுக்கு நடங்க."

சத்தம் கேட்டு மேலேயிருந்து நல்லமுத்துக் கங்காணி ஓடி வந்தார். துண்டு இடுப்பில், கை இரண்டும் கூப்பியபடி. அவர் முதலாளியைத் திட்டவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சம்பந்தி, பந்தல்ல பொண்ணு மணையில உக்காந்திருக்குங்க. ஒங்க காலுல விழுறேன்" என்று குனிந்தே விட்டார். அந்தப் பெரிய மனிதர் சேற்றில் குனிந்து நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். "தப்பு என்னோடதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோலைமலையின் சகுனம் வெறும் ஸ்டியரிங் கோளாறாகிவிடும். அந்த வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"அந்தத் தவில்காரரு கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டாருங்க. பாரம் ஒரு பக்கமாப் போயிருச்சு. இல்லாட்டிப் போயிருக்கும்."

தேயிலைச் செடியிலிருந்து தவில்காரர் அவரைப் பார்த்த பார்வையை எழுதத் தமிழில் இடமில்லை.

அப்போது லெட்சுமணன் காரிலிருந்து குதித்தான். முழங்காலைத் தடவி விட்டுக்கொண்டான். "மாமா, தாலிய அம்மன் காலடியில வெச்சு எடுத்தாச்சு. அதுக்கு மேல என்ன சகுனம்? எனக்குக் கால் இருக்கு, நடக்குறேன்." பிறகு சின்னராசாவைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இன்னொரு தவில் இருக்கில்ல? ஊதுங்க."

கொழுந்து பறிக்கிறவர்கள் ஏறும் குறுக்குப் பாதை வழியாக மேளம் முன்னே போயிற்று, மாப்பிள்ளை பின்னே போனான், அவனுக்குப் பின்னே நனைந்த கூட்டம் போயிற்று. வழக்கம் அப்படியே நடந்துவிட்டதால் சோலைமலைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் தனியாக நின்று என்ன செய்வது? குடையை மடக்காமல் கடைசி ஆளாக ஏறினார். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது.

காரும் ட்ரெய்லரும்? பந்தி முடிந்ததும் ஆட்கள் கோயிலிலிருந்து தேர் வடத்தை எடுத்து வந்து, காரில் கட்டி, "அரோகரா!" என்று மேலே பந்தலடிக்கே இழுத்தார்கள். முதலாளி உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இழுக்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. யார் இழுப்பார்கள் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. பூரணியின் டிரங்குப் பெட்டியும், புதுப் பாயும், தையல் மெஷினும் பந்தல் ஓரத்தில் வரிசையாக இருந்தன. முதலாளி ட்ரெய்லரைக் கழுவித் துடைத்திருந்தார். மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தாயி, பெட்டியெல்லாம் நான்…"

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணப் பெண் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எதுக்குங்க முதலாளி காரு? லொறி சொல்லியிருக்கேன். கூறை எடுத்த அன்னிக்கே சொல்லிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, லெட்சுமணனையும் கூட்டிக்கொண்டு வந்து, முதலாளி காலிலும் யோகேஸ்வரி காலிலும் விழுந்து கும்பிட்டாள். முதலாளி அவள் தலையில் கை வைத்தார். "தப்பு என்னோடதும்மா" என்றார். ஆனால் அதற்குள் லொறி ஊதிக்கொண்டு வந்து நின்றதால் அது பக்கத்தில் நின்ற யோகேஸ்வரிக்கு மட்டும்தான் கேட்டது.

கடைசி பஸ் போய்விட்டதால் அந்த அம்மாளும் அன்று காரில் ஏறவேண்டியதாயிற்று. ஹட்டன் கடைவீதி முனையில், அலுமாரி உடைந்த அந்த வாத்தியார், ஒரு லொறிக்காரரோடு கட்டில் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார். முதலாளியின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வாய் திறந்தது. யோகேஸ்வரி அவரைப் பார்த்தாள். வாய் மூடியது. வேடிக்கை என்னவென்றால், பச்சைக் காரைக் கண்டதுமே வாத்தியார் லொறிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தார்.

சிரித்தாயிற்றா? நல்லது. உங்களிடம் ஸ்போர்ட்ஸ் காரும் இல்லை, ட்ரெய்லரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தம் பெண்ணின் வேலை விஷயமாக யாரையோ பார்க்கப் புறப்பட்டபோது, வாசலில் வழிமறித்து, "அவரப் போய் எதுக்குங்க பாக்கணும்? நான் ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது" என்றது யார்? அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளாம். போகட்டும், நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை உங்கள் நாக்கு "எதுக்குங்க" என்று ஆரம்பிக்கும்போது, தயவுசெய்து ஒரு தரம் பின்னால் திரும்பிப் பாருங்கள். யாரோ ஒருவர் உங்களை நம்பி, மாலையும் கழுத்துமாக, அங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.